காரணம் காணாமல் கணினியை மாற்றலாமா?

அலுவலகத்திலோ அச்சகத்திலோ கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் ஸ்டூடியோவிலோ பெரிய ஃபைல் ஒன்றை டிஸ்க்கில் எழுத முற்படும்போது, திறந்திருக்கும் மற்ற வேலைகளெல்லாம் ஹேங் ஆகி நிற்க, மவுஸ் அசைய மறுக்க, உள்ளிருக்கும் காற்றாடி இரைச்சலிட்டுச் சுழலத் தொடங்கினால், பார்க்க வரும் பழுதுநீக்குபவர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிராசசர் நூற்றுக்கு நூறு என்று காட்டுவதைக் கண்டு, "மெஷின் பழசாயிடுச்சு சார், புதுசா ஒண்ணு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவது நம்மிடையே நித்தியப்படிக் காரியமாகிவிட்டது. கேட்பவருக்கு அதை மறுத்துப் பேசும் ஞானம் இல்லை. கைவேலை நிற்கிறதே என்ற கவலை வேறு. ஆகையால், இன்னும் சில வருஷங்கள் உழைக்கக்கூடிய யந்திரம் ஒன்று மூலைக்குப் போகிறது. கடனோ சேமிப்போ கரைந்து புதியது வருகிறது.

விசாரணையின்றி வழங்கப்படும் தீர்ப்பு இது என்பதே என் ஆட்சேபம். பிராசசர் ஓய்வின்றி இருக்கிறது என்பது கண்ணால் கண்டது. அது பழசாகிவிட்டது என்பது வெறும் ஊகம். இவ்விரண்டுக்கும் நடுவே கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அது இப்போது என்ன வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, எந்தப் புரோகிராமுக்காகச் செய்கிறது? இதற்கு விடை பெரும்பாலும் சில நிமிஷங்களில், பணச்செலவு சிறிதுமின்றி, பிரத்தியட்சமாகக் கிடைக்கக்கூடியது. கிடைக்கக்கூடிய பிரத்தியட்சத்தை விட்டுவிட்டு அனுமானத்தின்மேல் பணத்தைச் செலவிடுவது விவேகமாகாது.

ஃபைல் எழுதுதல், இயல்பில், பிராசசருக்குப் பெரும்பாரமான காரியமன்று. நாம் 'சேவ்' என்பதை அழுத்தியதும், புரோகிராமானது தன் வசமுள்ள தரவை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமாகிய கெர்னலிடம் ஒப்படைக்கிறது. கெர்னல் அதை மெமரியில் ஓரிடத்தில் பிரதிசெய்து வைத்துக்கொண்டு, புரோகிராமை அதன் வேலையைப் பார்க்கப் போகவிடுகிறது. பிறகு தனக்குச் சௌகரியமான சமயத்தில் அத்தரவைத் திரட்டி டிஸ்க்குக்கு அனுப்புகிறது. லினக்ஸில், வேறு ஏற்பாடு ஏதும் செய்யப்படாவிட்டால், இவ்விதம் தங்கியிருக்கும் தரவை 5 விநாடிக்கு ஒருமுறை கெர்னல் கவனிக்கிறது. 30 விநாடிக்கு மேல் தங்கிவிட்டதை எழுத அனுப்புகிறது. தங்கியிருப்பது கிடைக்கக்கூடிய மெமரியில் 10 சதவிகிதத்தைத் தாண்டினால் பின்னணியில் எழுதும் வேலையை முடுக்கிவிடுகிறது. 20 சதவிகிதத்தை எட்டினால் எழுதுகிற புரோகிராமையே தடுத்து நிறுத்துகிறது. பெரிய ஃபைல் ஒன்றை பென் டிரைவில் பிரதிசெய்யும்போது முதலில் மின்னல் வேகத்தில் ஓடிப் பிறகு திடீரென்று தேங்கி நிற்பதன் ரகசியம் இதுதான். அதில் பழுது ஏதுமில்லை.

மெமரியிலிருந்து டிஸ்க்குக்குத் தரவு போய்ச் சேரும் கடைசிப் பயணத்திலும் பிராசசருக்கு வேலை அதிகமில்லை. டி.எம்.ஏ. எனப்படும் முறையில், 'இன்ன இடத்திலிருந்து இவ்வளவு எடுத்துக்கொள்' என்ற கட்டளையை மாத்திரம் பிராசசர் கொடுக்கிறது. டிஸ்க்கின் கட்டுப்பாட்டுக் கருவி தானே தரவை எடுத்துக்கொண்டு, முடிந்ததும் ஒரு சமிக்ஞையால் தெரிவிக்கிறது. எனவே எழுதும் வேளையில் பிராசசர் தத்தளிக்கிறது என்றால், எழுதுதல் என்ற பெயரால் வேறொரு வேலை அதன் தலையில் சுமத்தப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்க நியாயம் உண்டு. அந்த வேறொரு வேலையைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிப்பதே பரிசோதனை என்பதன் முழுப் பொருளும்.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்றை நினைவுகூர்தல் தகும். 2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில், ஐ.டி.இ. வகை டிஸ்க்குடன் பேசும்போது கால தாமதத்தாலோ தரவுச் சிதைவாலோ உண்டாகும் பிழைகள் மொத்தம் ஆறு சேர்ந்துவிட்டால், சிஸ்டம் டி.எம்.ஏ. வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்து, பிழைகள் தொடர்ந்தால் இறுதியில் பி.ஐ.ஓ. என்ற ஆதிகால முறைக்கே இறங்கிவிடும். அம்முறையில் ஒவ்வொரு சிறு துண்டுத் தரவையும் பிராசசர் தானே எடுத்து டிஸ்க்கிடம் கொடுக்க வேண்டும். உச்ச வேகமோ விநாடிக்குச் சுமார் 16 மெகாபைட்டுதான். தளர்ந்துபோன ஒரு கேபிளினால் ஏற்பட்ட பிழையாக இருக்கலாம். அக்கேபிளை மாற்றியபின்னும், டிவைஸ் மேனேஜரில் அந்த ஐ.டி.இ. சேனலை நீக்கிக் கணினியை மறுபடி துவக்கினாலொழியப் பழைய வேகம் திரும்பாது. அக்காலத்தில், பத்து மெகாபைட்டு எழுதினாலும் பிராசசர் திணறுகிறது என்று சொல்லப்பட்ட எத்தனையோ யந்திரங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு கேபிளும் ஒரு மறுதுவக்கமுமே.

இன்று அந்த ஐ.டி.இ. கேபிள்கள் மறைந்துவிட்டன, விசாரணையின் முறை மறையவில்லை. அதில் முதற்படி, உழைப்பையும் காத்திருப்பையும் வேறுபடுத்தி அறிதல். லினக்ஸில் 'டாப்' என்ற கட்டளையைக் கொடுத்தால் (1984-ல் வில்லியம் லெஃபெவர் யூனிக்ஸுக்காக எழுதிய கருவியின் பெயரையும் முறையையும் தழுவியது அது), மேல்வரிசையில் பிராசசரின் நேரம் பல கூறாகப் பிரித்துக் காட்டப்படும். புரோகிராமின் சொந்தக் கணக்கு வேலையில் போவது 'யு.எஸ்.', கெர்னலின் வேலையில் போவது 'எஸ்.ஒய்.', டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்துக்கொண்டு பிராசசர் சும்மா இருப்பது 'டபிள்யு.ஏ.'. இம்மூன்றாவதைக் கண்டு பிராசசர் உழைக்கிறது என்று மயங்குபவர்கள் அநேகர். அதே திரையிலுள்ள 'லோடு ஆவரேஜ்' என்ற எண்ணும் மயக்கம் தருவதே. 1993 முதல் லினக்ஸ் டிஸ்க்குக்காகக் காத்து நிற்கும் புரோகிராம்களையும் அதில் சேர்த்து எண்ணி வருவதால், அந்த எண் உயர்ந்திருக்கையில் பிராசசர் முற்றிலும் ஓய்வாக இருப்பதும் சாத்தியம். அங்கே குறை டிஸ்க்கில் இருக்கலாம். பிராசசரை மாற்றிப் பயனில்லை.

இன்னொரு மயக்கமும் உண்டு. எட்டு கோர்கள் உள்ள கணினியில் ஒரே ஒரு கோரை மட்டும் முழுவதும் உறிஞ்சும் புரோகிராம், லினக்ஸின் 'டாப்' திரையில் 100 சதவிகிதம் என்று தோன்றும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் அதே நிலைமை 12 அல்லது 13 சதவிகிதமாகத் தோன்றும். முன்னதைக் கண்டு அஞ்சுவதும் பின்னதைக் கண்டு அலட்சியமாயிருப்பதும் ஒருங்கே பிழை. எண்ணைப் படிக்குமுன் அது எதன் பங்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

புரோகிராமின் சொந்த நேரமாகிய 'யு.எஸ்.' உயர்ந்திருந்தால், எழுதுவதற்கு முன் அது தரவை ஏதோ விதத்தில் மாற்றுகிறது என்று கொள்ளலாம். வீடியோவைச் சுருக்குதல், ஸிப் கட்டுதல், பிறர் படிக்கவொண்ணாதபடி சங்கேதமாக்குதல், பிழை காணும் கூட்டெண் கணித்தல் ஆகியவை யாவும் நியாயமான உழைப்பே. ஆயினும் அந்த நியாயமான உழைப்பிலும் தேர்ந்துகொள்ள இடம் இருக்கிறது. சுருக்கும் அளவை உச்சத்தில் வைத்தால் ஃபைல் சொற்பமே சிறுக்க, நேரமோ பன்மடங்கு பெருகும். ஒரு படி இறக்கினால் போதுமானதாயிருக்கலாம். சங்கேதமாக்கும் வேலைக்கென்றே 2010 முதல் இன்டெல் பிராசசர்களில் தனிக் கட்டளைகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. யந்திரத்தில் அவ்வசதி இருந்தும் புரோகிராம் அதைப் பயன்படுத்தாவிடில், பெருஞ்சுமை வீணாகச் சுமக்கப்படுகிறது.

கெர்னலின் நேரமாகிய 'எஸ்.ஒய்.' உயர்ந்திருந்தாலோ, அங்கே வேறு கதை நடக்கிறது. புரோகிராம் ஒவ்வொரு முறை எழுதுமாறு கேட்கும்போதும், அது 'சிஸ்டம் கால்' என்ற வாயில் வழியே கெர்னலுக்குள் புகுந்து வெளிவர வேண்டும்; அவ்வாறு போய்வருவதற்கென்று ஒரு செலவு, கொண்டுபோவது ஒரு பைட்டாயினும் ஓராயிரம் பைட்டாயினும், உண்டு. களத்து நெல்லை மூட்டை கட்டி வண்டியேற்றாமல் ஒவ்வொரு மணியாகக் கையிலெடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பவனைக் களைக்கச் செய்வது நெல்லின் பாரமன்று, நடையின் எண்ணிக்கையே. 10,48,576 பைட்டுகள் கொண்ட ஒரு மெகாபைட்டை ஒவ்வொரு பைட்டாக எழுதும் புரோகிராம் அத்தனை முறை கெர்னலின் வாயிலைத் தட்டுகிறது; 8,192 பைட்டுகளாகச் சேர்த்து எழுதினால் 128 முறை தட்டினால் போதும். ஜாவா மொழியில் இதற்கெனவே அமைந்த சேமிப்பிடம் இயல்பாக 8,192 பைட்டுகள் கொண்டது. அதைப் பயன்படுத்தாமல் நேரே எழுதும் நிரல்கள் இன்றும் குறைவில்லை. 2018 ஜனவரியில் வெளிப்பட்ட 'மெல்ட்டவுன்' என்ற பாதுகாப்புக் குறையை அடைப்பதற்காகச் செய்யப்பட்ட மாற்றங்கள், பாதிப்புக்குள்ளான பிராசசர்களில் கெர்னலுக்குள் போய்வரும் செலவை மேலும் உயர்த்தின. நேற்றுவரை பொறுத்துக்கொள்ளப்பட்ட அசிரத்தை அன்றுமுதல் அதிக விலை கேட்கத் தொடங்கியது.

இதைக் கண்ணால் காணவும் வழி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின்மேல் 'எஸ்-டிரேஸ்' என்ற கருவியை ஏவினால், அது கெர்னலிடம் கேட்கும் ஒவ்வொன்றும் திரையில் ஒரு வரியாக விழும். அசிரத்தையாக எழுதப்பட்ட புரோகிராமாயின், 'ரைட்' என்று தொடங்கி, நடுவே ஓர் எழுத்தை மட்டும் தாங்கி, 'சமம் 1' என்று முடியும் வரிகள் கண்ணுக்கு அடங்காத வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அக்கருவியே புரோகிராமின் வேகத்தைப் பெரிதும் குறைப்பது. ஆகவே அது காட்டும் நேரத்தை நம்பாமல் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டும். அந்த எண்ணிக்கையே காரணத்தைச் சொல்லிவிடும்.

நம் ஊர்களில் அதிகம் தென்படத்தக்க ஒரு நிகழ்ச்சியை இனிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். விண்டோஸில் பயன்படுத்திய, என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைக்கப்பட்ட வெளி ஹார்டு டிஸ்க்கை லினக்ஸ் ஓடும் கணினியில் செருகிப் பெரிய ஃபைலை எழுதினால், டிஸ்க்கின் விளக்கு அரைகுறையாக மினுக்க, பிராசசர் மாத்திரம் உச்சத்தில் நிற்பதுண்டு. 'டாப்' திரையைத் திறந்தால் பிரதிசெய்யும் கட்டளை கீழே எங்கோ கிடக்கும். முதல் வரிசையில் 'மவுண்ட்.என்.டி.எஃப்.எஸ்.' என்ற பெயர், ஒரு கோரை முழுவதும் எடுத்துக்கொண்டு நிற்கும். அது என்.டி.எஃப்.எஸ்.-3ஜி என்னும் புரோகிராம். 2007-ல் முதல் நிலையான பதிப்பாக வெளிவந்து, அதுவரை என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கைப் படிப்பதோடு திருப்தியடைய வேண்டியிருந்த லினக்ஸ் பயனாளர்களுக்கு அச்சமின்றி எழுதும் வசதியை இலவசமாகத் தந்த மகத்தான உபகாரம் அது. ஆனால் அது கெர்னலுக்குள் வசிப்பதன்று. 'ஃபியூஸ்' என்ற ஏற்பாட்டின் மூலம் வெளியிலிருந்து வேலை செய்வது. எழுதவேண்டிய தரவு கெர்னலுக்குள் போய், அங்கிருந்து இப்புரோகிராமிடம் வெளியே வந்து, மறுபடியும் கெர்னலின் வழியே டிஸ்க்கை அடைகிறது. தொடக்ககால ஏற்பாட்டில் இப்பயணம் 4 கிலோபைட்டுத் துண்டுகளாகவே நிகழ்ந்தது. ஒரு ஜிகாபைட்டு எழுத 2,62,144 பயணங்கள் வேண்டும்.

இக்காரணம் தெரிந்தவுடன் பரிகாரமும் தெரிந்துவிடுகிறது. டிஸ்க்கை இணைக்கும்போது 'பிக் ரைட்ஸ்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், துண்டின் அளவு 128 கிலோபைட்டு வரை உயர்ந்து, அதே ஒரு ஜிகாபைட்டுக்கு 8,192 பயணங்கள் போதுமானவையாகின்றன. 2021-ல் வெளிவந்த லினக்ஸ் 5.15 பதிப்பிலோ, பாராகன் நிறுவனம் அளித்த 'என்.டி.எஃப்.எஸ்.3' என்ற டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இடம் பெற்றுவிட்டது. வெளியே போய்வரும் தேவையே அதில் இல்லை. ஒரு சொல்லால் அல்லது ஒரு புதிய பதிப்பால் தணியக்கூடிய இச்சுமைக்காகக் கணினியையே மாற்றுபவர், புதிய கணினியிலும் அதே டிஸ்க்கை அதே விதமாக இணைத்தால் அதே காட்சியைத்தான் காண்பார்.

எழுதுபவரும் கெர்னலும் குற்றமற்றவர்களாயிருந்து, பக்கத்தில் நிற்கும் மூன்றாமவரால் சுமை ஏறுவதும் உண்டு. ஆண்டிவைரஸ் புரோகிராம் எழுதப்படும் ஒவ்வொரு ஃபைலையும் சோதிக்கிறது. தேடுதலுக்கான அட்டவணை போடும் புரோகிராம் ஒவ்வொன்றையும் படிக்கிறது. இணையச் சேமிப்பில் பிரதி வைக்கும் புரோகிராம் ஒவ்வொன்றையும் கணித்து அனுப்புகிறது. ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களை எழுதுகையில் இம்மூவரின் உழைப்பு எழுதுபவரின் உழைப்பை மிஞ்சிவிடும். இதைக் கண்டதும் ஆண்டிவைரஸை அணைத்துவிடச் சொல்லும் யோசனை அபாயகரமானது. அதை நான் வன்மையாக மறுக்கிறேன். பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை வீண்விலையன்று. சோதனையை நீக்காமல் அதன் சமயத்தை மாற்றும் வழிகள் வந்திருக்கின்றன. 2023-ல் விண்டோஸ் 11-ல் மைக்ரோசாஃப்ட் சேர்த்த 'டெவ் டிரைவ்' என்ற ஏற்பாட்டில், நிரல் எழுதுவோரின் ஃபைல்களைத் திறக்கும்போதே வழிமறித்துச் சோதிக்காமல், திறந்தபின் பின்னணியில் சோதிக்கும் முறை கையாளப்படுகிறது.

இவ்வளவு விசாரணைக்கு யாருக்கு நேரம் இருக்கிறது, மனிதரின் நேரமும் விலையுள்ளதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு வாரம் ஆராய்வதைவிட ஒரு டிஸ்க்கை மாற்றுவது லாபமாக முடியும் சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. ஆனால் மேலே சொன்ன முதற்படிகள் வாரக்கணக்கில் நடப்பவையல்ல. மேலும், காரணம் புரோகிராமில் இருக்குமாயின் அது புதிய யந்திரத்துக்கும் கூடவே குடிபெயரும். இதில் கவனிக்கத்தக்க இன்னொன்று, வேகமான எஸ்.எஸ்.டி. வாங்கியபின் எழுதும் வேளையில் பிராசசரின் எண் சில சமயம் முன்னைவிட உயர்வது. முன்பு டிஸ்க்கின் தாமதத்தில் மறைந்திருந்த புரோகிராமின் உழைப்பு, அத்தாமதம் நீங்கியதும் இடைவெளியின்றி நிகழ்வதே அதன் காரணம். இது தெரியாதவர், புதியதும் பழுது என்று மனம் நோவார். யந்திரம் மெய்யாகவே போதாது என்று விசாரணையின் முடிவில் தெரியவந்தால், தாராளமாகப் புதியது வாங்கட்டும். அப்போது எதை வாங்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

ஆகவே மூன்று காரியங்களை வேண்டுகிறேன். முதலாவது, நம் கல்லூரிகளில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்ற பாடம் இலக்கணங்களை மனனம் செய்து பரீட்சை எழுதுவதோடு நில்லாமல், மாணவர் ஒவ்வொருவரும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமை நேரில் பரிசோதித்து, அதன் நேரம் எங்கே போகிறது என்று எழுதிக் காட்டுவதாக அமைய வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகள் யாவும் இலவசம். 2009 முதல் லினக்ஸ் கெர்னலுடன் சேர்ந்தே வரும் 'பெர்ஃப்', அது திரட்டும் விவரத்தைப் படமாகக் காட்ட 2011-ல் பிரெண்டன் கிரெக் வகுத்த 'ஃபிளேம் கிராஃப்', விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்டே விலையின்றி அளிக்கும் 'புராசஸ் மானிட்டர்' ஆகியவற்றைக் கையாளப் பழகிய மாணவன், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் தன் சம்பளத்தை முதல் மாதத்திலேயே சம்பாதித்துக் கொடுப்பான்.

இரண்டாவது, மென்பொருள் எழுதுவோர், பயனாளரின் யந்திரம் தமக்கு இலவசமாகக் கிடைத்தது என்று எண்ணலாகாது. ஒவ்வொரு பைட்டாக எழுதும் ஒரு வரி நிரல், அதைப் பயன்படுத்தும் ஆயிரம் பேரின் மேசையில் ஆயிரம் முறை நேரத்தையும் மின்சாரத்தையும் தின்கிறது. அதைத் திருத்தும் பிரயத்தனமோ ஒருவருக்கு, ஒருமுறை.

மூன்றாவது, கணினிகளைப் பராமரிக்க ஏ.எம்.சி. ஒப்பந்தம் போடும் அலுவலகங்களும் பள்ளிகளும் சிறு ஸ்தாபனங்களும் அவ்வொப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்: யந்திரம் மெதுவாக இருக்கிறது என்று வந்து பார்ப்பவர், சுமையை ஏற்றிய புரோகிராமின் பெயர் இன்னது, அது உழைப்பா காத்திருப்பா, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்ததில் முன்னும் பின்னும் அளவு எவ்வளவு என்பவற்றை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். பழைய கணினியைக் கழித்துப் புதியது வாங்கும் கோரிக்கை மேசைக்கு வரும்போது, ஒப்பமிட வேண்டியவர் அந்தத் தாளைக் கேட்கட்டும். அதில் காரணம் எழுதப்பட்டிராவிட்டால் கோரிக்கையைத் திருப்பி அனுப்பட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். கேட்கும் உறுதி ஒன்றே போதும்.